கொடி அமுக்காமலே பேசிய பூனை

போன வருஷம் தீபாவளி முடிந்து, வெடிக் காகிதங்கள் இன்னும் தெருவோரம் நனைந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. உத்திரமேரூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நடந்ததை இதுவரை யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். எழுதினால் முடிக்க முடியும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சென்னையில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்கு மாதாமாதம் சம்பளம். "அது வேலை இல்லம்மா, உன் பொறவிக் குணம்" என்பார் என் கணவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தேன். கை சும்மா இருக்கவில்லை. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு கேம் கிளப் ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் போனில் கூடுவோம். மேலே இருந்து விழும் மாம்பழத்தைக் கூடையில் பிடிப்பது, கொசுவை அடிப்பது, இந்த மாதிரி சின்னச் சின்ன கேம்களைச் செய்யக் கற்றுக்கொடுப்பேன். அதைச் செய்யும்போதே புரோகிராமிங் தானாக வந்துவிடும்.

இதற்குப் பெரிய இங்கிலீஷ் எல்லாம் தேவையில்லை. கலர் கலரான கட்டைகள் மாதிரி கட்டளைகள் திரையில் இருக்கும். நகரு, திரும்பு, சொல்லு என்று ஒவ்வொன்றும் ஒரு கட்டை. அவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்துவிட்டு, மேலே இருக்கிற பச்சைக் கொடியை அமுக்கினால் கேம் ஓட ஆரம்பிக்கும். புதிதாக எதைத் தொடங்கினாலும் திரையில் ஒரு பூனை நிற்கும். 'சொல்லு' கட்டையில் நாம் என்ன எழுதுகிறோமோ அது பூனையின் வாயருகே ஒரு குமிழிக்குள் வரும். பிள்ளைகளுக்கு அந்தப் பூனை என்றால் உயிர்.

வகுப்பில் பாதிப் பேரின் பெயர் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. போன் அப்பாவுடையதாகவோ அம்மாவுடையதாகவோ இருக்கும், திரையில் அவர்கள் பெயர்தான் வரும். சிலருக்குப் போன் கம்பெனியின் பெயரே வரும். அதனால் நான் ஊர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். "மாகறல், மைக்கை அணை." "வாலாஜாபாத், பேசினது போதும்." அவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று.

வாலாஜாபாத் என்பவள் ஆறாவது படிக்கிற பெண். அவள் அப்பா அங்கே பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கு மேலே உட்கார்ந்துகொண்டுதான் வகுப்புக்கு வருவாள். வாய் ஓயாது. நடுவில் யாராவது பருப்பு கேட்டால் அதற்கும் பதில் சொல்லுவாள், எனக்கும் பதில் சொல்லுவாள்.

தென்னேரி அதற்கு நேர் எதிர். ஏழாவது படிக்கிறாள். அவளுக்குத் திக்குவாய். முதல் நாள் பெயர் கேட்டேன். முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டாள். முகம் சிவந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு முயற்சி செய்தாள். யாரோ ஒரு பையன் அதே மாதிரி செய்து காட்டிச் சிரித்தான். அவனை நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஆனால் அவள் மைக்கை அணைத்தது அணைத்ததுதான். அடுத்த வாரமும் திறக்கவில்லை. இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அதற்கடுத்த வாரம் தன் திரையை எங்களுக்குக் காட்டினாள். அதில் பூனை நின்றுகொண்டிருந்தது. குமிழிக்குள், "மிஸ், நான் கேம் முடிச்சிட்டேன்" என்று இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குப் பதிலாகப் பூனை பேசியது. நான் கேள்வி கேட்பேன், அவள் கட்டையில் பதிலை எழுதுவாள், பூனை சொல்லும். பிள்ளைகளுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அது மகா குறும்புக்காரப் பூனை. ஒருநாள் எல்லோரும் ஒரே சத்தம் என்று நான் கத்தியபோது, "மிஸ், நான் வாயே திறக்கல" என்றது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு ரோடு கடக்கும் கேம் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தேன். தென்னேரிப் பெண் தன் கேமில் வாலாஜாபாத் ஊரின் பஸ் ஸ்டாண்டு ரோட்டை வரைந்திருந்தாள். ஒரு பக்கம் அம்மாவும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அம்மா சிவப்புப் புடவை, கையில் பை, பெரிய வயிறு. "இன்னாடி உங்கம்மா இவ்ளோ குண்டு?" என்று வாலாஜாபாத் கேட்டாள். மூலையில் நின்ற பூனை, "வயித்துல பாப்பா கீது" என்றது. அப்படித்தான் அவளுடைய அம்மாவுக்கு எட்டாவது மாதம் என்பது எங்களுக்குத் தெரிந்தது. எல்லோரும் கை தட்டினோம்.

"சரி, ஆடிக் காட்டு" என்றேன்.

கேம் ஓடவில்லை. கொஞ்ச நேரம் திரை அப்படியே இருந்தது. நெட் போய்விட்டதென்று நினைத்து மாகறல் பையனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது பூனையின் குமிழி மாறியிருந்தது.

"அம்மா விழுந்துட்டாங்க."

"ஐயோ, லாரி அடிச்சிடுச்சா?" என்று மாகறல் சிரித்தான். "அவுட்டு, அவுட்டு" என்று இரண்டு மூன்று குரல்கள். நானும் கேமைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, முதலிலிருந்து ஆடச் சொன்னேன்.

குமிழி மறுபடி மாறியது. "கை கால் உதறுது."

"சூப்பர்டி! ஆக்‌ஷன்லாம் வெச்சிக்கினு கீறா" என்றது ஒரு குரல். நான் திரையில் அந்தச் சிவப்புப் புடவை அம்மா எங்கே ஆடுகிறாள் என்று தேடினேன். அப்போதுதான் வாலாஜாபாத் கத்தினாள். அவள் கத்துவது புதிதல்ல. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"மிஸ்! அது கேம் இல்ல மிஸ்! கொடியே அமுக்கல பாருங்க! கேம் நின்னுக்கினு கீது. அம்மா அங்கியேதான் நிக்கிறாங்க, எங்க விழுந்தாங்க? பூனை மட்டும் பேசுது மிஸ். அவதான் பேசறா!"

கொடியைப் பார்த்தேன். அமுக்கப்படவில்லை. கேம் ஓடும்போது கட்டைகளைச் சுற்றி மஞ்சளாக ஓர் ஒளி வரும், அதுவும் இல்லை. கேம் தொடங்கவே இல்லை. 'சொல்லு' கட்டையை மட்டும் தனியாகத் தட்டித் தட்டி அவள் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, நிஜமாவா? உங்க அம்மாவுக்கா?" என்றேன்.

"ஆமா மிஸ். வாயில நுரை வருது."

வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை. அப்பா கம்பெனியில் ஷிஃப்டில் இருந்தார். அங்கே போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீடு ஊருக்குள் இல்லை, ஏரிக்கரையைத் தாண்டி நிலத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுதான் அவள் கையில். ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டுமென்றால் வகுப்பை விட்டு வெளியே போய், முகம் தெரியாத ஒருவரிடம் வாயால் பேச வேண்டும். தன் பெயரையே சொல்ல முடியாத பிள்ளை அது. அவள் பேச்சை முழுதாகக் கேட்கிற ஒரே இடம் எங்கள் வகுப்பாகத்தான் இருந்தது. அதனால் எங்களிடம் சொன்னாள்.

என் போனில் 108 அடித்தேன். "எந்த இடம்?" என்றார்கள். எனக்குத் தெரியாது. நான் உத்திரமேரூரில் உட்கார்ந்திருக்கிறேன், தென்னேரிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. அவர்கள் கேட்பதை நான் லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டேன். பூனை சொன்னதை நான் போனில் சொன்னேன். ஏரி மதகு தாண்டி இடது பக்கம். நீலக் கலர் தண்ணி டேங்க். எதிரில் புளியமரம். ஒவ்வொரு குமிழியும் வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவசரத்தில் எழுத்துப் பிழையெல்லாம் இருந்தது. எல்லாம் புரிந்தது.

இதற்குள் வாலாஜாபாத்தின் திரையில் வேறொரு முகம் வந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். அவளுடைய அப்பா. கல்லாவில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏம்மா, தென்னேரி மதகாண்டதானே? ஆம்புலன்ஸ் வரட்டும். அதுக்கு முன்னாடி நான் போய்ட்றேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா பாய்?"

"தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா. எங்க வூட்டம்மாவையும் இட்டுக்கினு போறேன். பொம்பள கூட இருந்தா நல்லது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். மகளிடம் போனைக் கொடுத்துவிட்டு, சரக்கு ஏற்றும் குட்டி யானை வண்டியை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். "கடை இல்ல, அப்பறம் வாங்க" என்று அந்தப் பெண் ஜனங்களை விரட்டுவது எனக்குக் கேட்டது. அவள் அழுதுகொண்டே விரட்டினாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் போனில் சொன்னபடி, அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னேன். குமிழி மாறவில்லை. பழைய வார்த்தைகளோடு பூனை அப்படியே நின்றது. சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் அந்தப் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தன. எட்டு மாதக் கர்ப்பிணியை ஒரு சின்னப் பெண் எப்படிப் புரட்டுவாள்? நான் கும்பிடாத சாமி இல்லை.

"திருப்பிட்டேன் மிஸ்."

"மூச்சு வருதா பாரு."

"வருது. இரும்புச் சாவி கைல குடுக்கணுமா?"

வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரோ சொல்லி அவளுக்கும் தெரிந்திருக்கிறது. "சாவியெல்லாம் வேணாம் கண்ணு. வாயிலயும் எதையும் வைக்காத. பக்கத்துல உக்காந்துக்கோ" என்றேன்.

"மிஸ் போயிடாதீங்க."

போகமாட்டேன் என்றேன். அதை எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. மைக்கை மட்டும் திறந்து வை, நீ எதுவும் பேச வேண்டாம் என்றேன். திறந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் வீட்டின் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது. ஒரு நாய் குரைக்கிறது. அவள் அம்மாவின் மூச்சு, குறட்டை மாதிரி, விட்டு விட்டு. அதைக் கேட்கப் பயமாகவும் இருந்தது, நின்றுவிடக் கூடாதே என்று காது அதிலேயே கிடக்கவும் செய்தது. நான் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை.

பிறகு வண்டி வந்து நிற்கும் சத்தம். "யாரும்மா வூட்ல?" என்று ஒரு ஆண் குரல். ஓடிவரும் செருப்புச் சத்தம். ஒரு பெண்ணின் குரல், "யா அல்லா, வாம்மா இப்டி, நீ வா." திரையிலிருந்து பூனை மறைந்தது. போன் கை மாறியிருந்தது.

"புள்ள என்கிட்ட கீதும்மா. அழுவாத. ஆம்புலன்ஸ் மதகாண்ட வந்துட்டுது, எங்க வூட்டுக்காரர் கை காட்டிக்கினு நிக்கிறார்."

லேப்டாப்பின் முன்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வகுப்பில் அழாத பிள்ளை ஒன்று இல்லை.

அந்த அம்மா பிழைத்தார். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வருகிற வலிப்பு அது. பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் தாயையும் பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாகப் பாய் எனக்குப் போன் செய்தார். தாயையும் என்று அவர் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. குழந்தை அன்று மாலை வரைக்கும்தான் இருந்தது.

தென்னேரி அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. நான் அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர். நன்றி சொல்லத் தெரியாமல் தடுமாறினார். "வூட்ல அந்தப் பேச்சே எடுக்கறதில்ல மிஸ். எடுத்தா இவ அம்மா தாங்க மாட்டா. இந்தப் பொண்ணும் சாப்பிடாம ஒக்காந்துக்கினே கீது" என்றார். நான் நேரில் வரலாமா என்று கேட்டேன்.

பொங்கலுக்கு முன் ஒருநாள் வாலாஜாபாத்துக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து பாயின் வண்டியில் தென்னேரிக்குப் போனேன். பாயும் அவர் மனைவியும் மகளும் கூட வந்தார்கள். ஏரி நிறையத் தண்ணீர். நீலத் தண்ணீர் டேங்க், புளியமரம், எல்லாம் பூனை சொன்ன இடத்தில் இருந்தன. அந்த அம்மா எழுந்து வந்து எங்களை உட்காரச் சொன்னார். மெலிந்து கறுத்திருந்தார். பாயின் மனைவி அவர் கையைப் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்தார்.

எல்லோரும் பேசினோம். இந்த வருஷத்து மழையைப் பற்றி, நெல் எப்போது அறுப்பு என்பதைப் பற்றி, வாலாஜாபாத்தில் அரிசி விலையைப் பற்றி. அப்பா கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். அந்தக் குழந்தையின் பேச்சைத் தொடாமல் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேச முடியுமோ அவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினோம். எனக்குத் துக்க வீட்டில் பேசத் தெரியாது. என் பங்குக்கு நானும் மழையைப் பற்றியே பேசினேன்.

அந்தப் பெண் உள்ளே இருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் பார்த்ததைவிட உயரமாக இருந்தாள். என் முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தாள்.

"பா..." என்றாள். நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு தெரிந்தது. "பா... பா..." அவள் அப்பா சட்டென்று, "விடும்மா, அப்பறம் சொல்லிக்கலாம்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். விட மாட்டாள் என்று தெரிந்தது. வாலாஜாபாத்கூடப் பேசவில்லை. வெளியே டிராக்டர் ஒன்று போய் முடிந்தது. அவள் இன்னும் அந்த ஒரு வார்த்தையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா... பொ... பொண்ணு மிஸ்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "எ... எனக்குத் தங்கச்சி" என்றாள்.

அது பெண் குழந்தை என்றுகூட அதுவரை எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கேட்க எங்களுக்கும் தைரியம் வரவில்லை. அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அன்றுதான் வாய்விட்டு அழுதார் என்று பின்னால் அவள் அப்பா சொன்னார். பெண்ணை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, "ஆமாடி, தங்கச்சிதான், உன்னிய மாதிரியே இருந்தாடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாய் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தடங்கல் இல்லாமல் பேசத் தெரிந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து, வாய் நிறையப் பேசி, அந்தக் குழந்தையை இல்லாமலே ஆக்கிக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பாடுபட்ட அந்தப் பெண் வந்துதான், ஒரு மாலை வரைக்கும் உயிரோடு இருந்த அந்தக் குழந்தையை எங்கள் எல்லோருக்கும் தன் தங்கச்சி என்று அறிமுகம் செய்துவைத்தாள்.